பஞ்சக் கூலியும் சமூக மீட்சியும்: தாது வருடப் பஞ்ச (1876–78) உணவு நிவாரணம் குறித்த மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

சென்னை மாகாணத்தைத் தாக்கிய தாது வருடப் பஞ்சத்தின்போது வழங்கப்பட்ட உணவு நிவாரணத்தை, உயிர்காப்பு, மீட்சி என்னும் இரு அளவுகோல்களால் இக்கட்டுரை மதிப்பிடுகின்றது.

திறவுச்சொற்கள்: தாது வருடப் பஞ்சம், டெம்பிள் கூலி, கார்னிஷ், நிவாரண வேலை, பஞ்ச விதித்தொகுப்பு

முன்னுரை

1876ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்ததால் தென்னிந்தியாவில் பெரும் பஞ்சம் மூண்டது. மக்கள் வழக்கில் அது ‘தாது வருஷத்துப் பஞ்சம்’ என நிலைபெற்றது. பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டிருக்கலாம் என மதிப்பிடப்படுகின்றது. நிவாரணம் வழங்கப்பட்டும் இத்துணை இழப்பு நேர்ந்தது ஏன் என்பதே இங்கு ஆய்வுக்குரிய வினாவாகும்.

சிக்கனக் கொள்கையின் பின்னணி

1873–74இல் பீகாரில் வறட்சி ஏற்பட்டபோது, ரிச்சர்ட் டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசியைத் தருவித்து வழங்கினார். உயிரிழப்பு பெரிதும் தவிர்க்கப்பட்டது. ஆயினும் அளவுக்கு மீறிச் செலவிட்டார் என்ற கண்டனமே அவருக்குக் கிட்டியது. அதே டெம்பிளைத்தான் அரசப் பிரதிநிதி லிட்டன் 1877 சனவரியில் பஞ்சப் பார்வையாளராகச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். தானிய வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பது லிட்டனின் உறுதியான கொள்கை. ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் அரசு தானியம் கொள்முதல் செய்ததை இந்திய அரசு ஏற்கவில்லை. ஆக, பீகாரின் வெற்றி, செலவுக் கணக்கில் தோல்வியாகப் பதியப்பட்டதன் விளைவைத் தென்னாடு சுமக்க நேர்ந்தது.

ஒரு ராத்தல் தானியம்

நிவாரண வேலையில் ஈடுபட்ட ஆணுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தலாக இருந்த தானிய அளவை டெம்பிள் ஒரு ராத்தலாகக் குறைத்தார். அத்துடன் சிறு துணைக்கூலி சேர்ந்தது. பெண்களுக்கும் சிறுவர்க்கும் அதனினும் குறைவே. இதுவே ‘டெம்பிள் கூலி’ எனப்பட்டது.

மாகாண நலவாழ்வு ஆணையர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். தென்னிந்திய மக்களின் உணவையும் சிறை உணவளவையும் முன்னரே ஆய்ந்தவர் அவர். உடலுழைப்பில் ஈடுபடுவோர்க்கு ஒன்றரை ராத்தல் தானியமும், பருப்பு, காய்கறி ஆகியனவும் இன்றியமையாதன என்பது அவர்தம் வாதம். அதே ஆண்டில் சென்னை அரசு ஒன்றேகால் ராத்தல் தானியமும் ஒன்றரை அவுன்சு பருப்புமாக அளவை உயர்த்தியது. இஃது இரு தரப்புக்கும் இடைப்பட்ட ஒப்புரவேயன்றிக் கார்னிஷின் கோரிக்கை முழுமையாக நிறைவேறியதாகாது.

இவ்விவாதத்தில் அடங்கியிருந்தது அளவுச் சிக்கல் மட்டுமன்று. உதவிக்குத் தகுதியானவரைக் கடும் உழைப்பால் சோதித்தறிய வேண்டும் என்பது டெம்பிள் முறையின் அடிப்படை. பட்டினியால் முன்பே நலிந்த உடல் அச்சோதனைக்கு ஈடுகொடுக்க இயலாது. ஆகவே, உதவி மிகுதியும் தேவைப்பட்டோரே அதனைப் பெற இயலாத நிலை உருவாயிற்று.

மழைக்குப் பின்

நிவாரண உழைப்பின் புலப்படும் சின்னம் பக்கிங்காம் கால்வாய். 1877–78இல் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த பகுதி பஞ்சத் தொழிலாளரால் வெட்டப்பட்டது. கால்வாய் எஞ்சியது, ஆனால் அதனை வெட்டியவர்தம் ஊர் மீண்டதா என்பது வேறு வினா. மழை பெய்தபின் உழவனுக்குத் தேவைப்பட்டவை விதையும் உழவுமாடும் ஆகும். கூலித் தானியம் அவற்றை ஈட்டித் தரவில்லை. இலண்டன் மாநகரத் தலைவர் திரட்டிய நன்கொடை நிதியே இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பியது. இங்கு அதனைப் பகிர்ந்தளித்த குழுவின் செயலாளராக இதழாசிரியர் வில்லியம் டிக்பி பணியாற்றினார்.

மீட்சியின் வேகத்தைச் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகைக் கணக்கு உணர்த்துகின்றது. 1871இல் ஏறத்தாழ 19.7 இலட்சமாக இருந்த தொகை 1881இல் 16 இலட்சமாகச் சரிந்தது, 1891இல்தான் 19.6 இலட்சத்தை எட்டியது. இச்சரிவில் இறப்போடு இடப்பெயர்வும் பிறப்புக் குறைவும் அடங்கும். எனினும், பஞ்சத்துக்கு முந்தைய நிலையை நெருங்கவே இருபதாண்டுகளில் பெரும்பகுதி கழிந்தது தெளிவு.

முடிவுரை

ரிச்சர்ட் ஸ்டிராச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை அளித்தது. அதன்வழிப் பஞ்ச விதித்தொகுப்புகள் உருவாயின. நிலவரியை ஒத்திவைத்தல், விதைக்கும் மாட்டுக்கும் கடன் வழங்கல் ஆகியன நிவாரணத்தின் கூறுகளாக ஏற்கப்பட்டன. 1884ஆம் ஆண்டின் உழவர் கடன் சட்டம் இப்போக்கின் தொடர்ச்சியாகும்.

உணவு நிவாரணத்தை, வழங்கிய தானியத்தின் எடையாலோ சேமித்த செலவாலோ மதிப்பிடுதல் போதாது என்பதைத் தாது வருடப் பஞ்சம் காட்டுகின்றது. உதவி உடல் நலியுமுன் சென்றடைந்ததா, உழைக்கும் உடலுக்குப் போதுமானதாக இருந்ததா, அடுத்த விதைப்புக்கு வழிவகுத்ததா என்னும் மூன்று வினாக்களே உரிய அளவுகோல்கள். டெம்பிள் கூலி இம்மூன்றிலும் தவறியது. அதன் விலை கருவூலக் கணக்கில் அன்று, மக்கள்தொகைக் கணக்கில் பதிவாகியுள்ளது.