மாரி மழையும் காருக்குள் தேங்கும் தண்ணீரும்: கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

திருகோணமலையில் மாரி தொடங்கினால் துறைமுகத்தை அண்டிய கராஜ்களில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, “காருக்குள்ள தண்ணி நிக்குது” என்பதுதான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. புதிய கார்களின் விலையோ நம்மில் பலருக்கு எட்டாது. பதினைந்து, இருபது வருடப் பழைய வாகனத்தை வாடகைக்கு ஓட்டி லீசிங் கட்டும் குடும்பங்களுக்கு, அதன் அடித்தகடு உக்கிப்போவது சிறிய விடயம் அல்ல.

முதலில், அது என்ன தண்ணீர் என்று பாருங்கள். மழையில்லாத நாளிலும் முன்சீட்டின் கால்மாட்டில் தெளிந்த நீர் நின்றால், பெரும்பாலும் ஏ.சி.யின் வடிகுழாய் அடைத்திருக்கும். வழுவழுப்பும் இனிப்பு மணமும் இருந்தால் அது கூலன்ற். உடனே மெக்கானிக்கிடம் காட்டவேண்டும். மழைக்குப் பின் மட்டும் நனைந்தால்தான் கசிவைத் தேடவேண்டும்.

சம்பூரில் மீளக்குடியேறிய நண்பர் ஒருவர் தன் பழைய கொரோலாவின் முன்கண்ணாடிக்கு இரண்டு தடவை சிலிக்கன் பூசியும் தண்ணீர் நிற்கவில்லை. கார்பெற்றைத் தூக்கிக் காயவைத்துவிட்டு, நான் ரோச்சுடன் உள்ளே குனிந்திருந்தேன். அவர் வெளியே குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டார். கீழிருந்து மேலாக, ஓரிடத்தில் ஐந்து நிமிடமாவது விடவேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடமும் வழிந்து, எது வாசல் என்றே தெரியாது. பிறஷர் வோஷர் வேண்டாம். அது நல்ல றப்பரையும் தாண்டி உள்ளே போகும். கண்ணாடியில் பழுதே இல்லை. வைப்பருக்குக் கீழுள்ள தட்டின் வடிதுளைகளை வேப்பஞ்சருகு அடைத்திருந்தது. தேங்கிய நீர் காற்று உள்ளே போகும் வழியால் இறங்கியது. சருகை அள்ளியதோடு வேலை முடிந்தது. மரநிழலில் நிறுத்தும் எவரும் மாரிக்கு முன் இதைச் செய்யலாம்.

அடுத்தது கதவு. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு. அது கதவின் அடித்துளைகளால் வெளியேற வேண்டும். துளைகள் மண்ணால் அடைபட்டாலோ, உள்பலகைக்குப் பின்னாலுள்ள பிளாஸ்ரிக் தாள் கிழிந்தாலோ கார்பெற் நனையும். ஸ்பீக்கர் பொருத்தும்போது அந்தத் தாளை வெட்டிவிடுபவர்கள் இங்கே தாராளம். கதவு றப்பரைச் சோதிக்க, ஒரு கடதாசித் துண்டை வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் றப்பர் அங்கே தளர்ந்துவிட்டது.

டிக்கியில் மேலதிக ரயர் வைக்கும் குழியையும் பாருங்கள். பின்விளக்குகளின் றப்பர் இறுகினால் நீர் அங்கேதான் சேரும். காணி உறுதி, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி என எல்லாவற்றையும் டிக்கியிலேயே வைத்திருக்கும் பழக்கம் இடம்பெயர்வுகளோடு நமக்கு வந்தது. அந்தக் கோப்புகளை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். ஹைபிரிட் கார்களில் இன்னும் கவனம் தேவை: அக்குவாவின் பெரிய பற்றறி பின்சீட்டின் கீழ், வெசலில் டிக்கித் தளத்தின் கீழ். அங்கே ஈரம் கண்டால் செம்மஞ்சள் வயர்களைத் தொடாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சிலிக்கன் கடைசி வேலை. வினாகிரி மணமுள்ள வகை தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும்; வாகனத்துக்கென விற்கும் பசையையே கேளுங்கள். கார்பெற் மேலே காய்ந்தாலும் அடிப்பஞ்சு நாட்கணக்கில் ஈரமாக இருக்கும். கழற்றி வெயிலில் போடுங்கள். திரும்ப விரித்தபின் அடியில் பத்திரிகைத் தாள் வைத்து, அடுத்த மழை விட்டதும் எடுத்துப் பாருங்கள்.