விரியும் தொடரும் சென்னைக் கணிதப் பரம்பரையும்

வரவு ஒரு ரூபாய், பற்று ஒரு ரூபாய், மறுபடி வரவு ஒன்று, பற்று ஒன்று என்று பேரேடு முடிவே இல்லாமல் நீண்டால் கடைசி இருப்பு எவ்வளவு? ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம் என்று ஆடிக்கொண்டே இருக்கும். இப்படி ஓரிடத்தில் நிலைக்காத தொடரை விரியும் தொடர் என்பார்கள். இத்தாலியத் துறவி கிராண்டி 1703-ல் இதன் கூட்டுத்தொகை அரை என்றார். அடுத்த நூற்றாண்டில் நார்வே நாட்டு ஆபெலுக்கு இந்த மாதிரிப் பேச்சே பிடிக்கவில்லை. விரியும் தொடர்கள் சாத்தானின் வேலை என்று 1826-ல் தம் ஆசிரியருக்குக் கடிதமே எழுதிவிட்டார்.

வழி சொன்னவர் செசாரோ, 1890-ல். இருப்பைப் பார்க்காதே, இதுவரை வந்த இருப்புகளின் சராசரியைப் பார் என்றார். 1, 1/2, 2/3, 1/2, 3/5 என்று போய்ச் சராசரி அரையை நெருங்குகிறது. கூட்டினால் அரை வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. இந்த விதிப்படி இதற்கு உரிய மதிப்பு அரை, அவ்வளவுதான். விதியை விட்டுவிட்டு விடையை மட்டும் சொன்னால் வம்பு.

நம்ம ராமானுஜனுக்கு இன்றைக்கும் நடப்பது அந்த வம்புதான். 1+2+3+4+… என்பது −1/12 என்று 1913 பிப்ரவரியில் ஹார்டிக்கு எழுதினார். இதைக் கேட்டால் பைத்தியக்கார விடுதிக்கு வழி காட்டுவீர்கள் என்று வேடிக்கையும் செய்தார். ஆனால் 'என் கொள்கைப்படி' என்று அதே வாக்கியத்தில் சேர்த்திருக்கிறார். அந்த இரண்டு சொல்லை விழுங்கிவிட்டு, தமிழன் செய்த மந்திரம் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். அது அவருக்குப் பெருமை இல்லை. செசாரோவின் சராசரி இங்கே உதவாது; வேறு விதி வேண்டும். 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் தொட்ட இடம் அது. அங்கே யார் துணையும் இல்லாமல் கும்பகோணத்துக்காரர் போய்ச் சேர்ந்தார் என்பதுதான் அதிசயம்.

அவரோடு கதை முடிந்துவிடவில்லை. சராசரி நிலைத்தால் இருப்பும் நிலைக்குமா என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். பொதுவாக நிலைக்காது. தினப்படி வரவு செலவு போதிய வேகத்தில் சுருங்கி வந்தால் நிலைக்கும். இந்த வகைத் தேற்றங்களுக்கு, 1897-ல் வழி திறந்த ஆஸ்திரியர் டாபர் பெயரால் டாபீரியன் தேற்றங்கள் என்று பெயர். ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த அதே காலத்தில் அங்கே ஹார்டியிடம் இதைக் கற்றவர் கே. ஆனந்த ராவ். 1919-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்து, ஒரு தலைமுறையையே இந்தத் துறையில் பழக்கினார். அவர் மாணவர் டி. விஜயராகவன் ஆக்ஸ்போர்டு போய் 1926-ல் டாபீரியன் தேற்றம் ஒன்றை வெளியிட்டார். பிறகு நம்மைப் போல ஊர் ஊராக அலிகார், டாக்கா என்று பிழைக்கப் போனார். 1950-ல் அழகப்பச் செட்டியார் சென்னையில் ராமானுஜன் பெயரில் கணித நிறுவனம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் இவரே.

ஆனந்த ராவிடம் பயின்ற இன்னும் இருவர், கே. சந்திரசேகரனும் எஸ். மீனாட்சிசுந்தரமும். சராசரி முறைகளைப் பற்றி இவர்கள் சேர்ந்து எழுதிய 'டிபிகல் மீன்ஸ்' என்ற நூல் 1952-ல் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் வரிசையில் வந்தது. ராமானுஜன் படத்துக்கு மாலை போடும் நம் சங்கங்களில் இந்தப் பெயர்களை நான் கேட்டதே இல்லை.