டிராக்டரா, படகா? வெள்ளத்தில் ஆளை ஏற்றும் இரண்டு வண்டிகள்

2024 அக்டோபரில் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை வந்த அன்று, வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமெல்லாம் கார்கள் வரிசைகட்டி நின்றன. காரணம் எல்லோருக்கும் தெரியும். முந்தைய டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, பள்ளிக்கரணையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதந்துபோன காட்சியை ஊரே கைபேசியில் பார்த்திருந்தது. ஆபத்துக்கு உதவும் என்று தவணை கட்டி வாங்கிய வண்டியை, ஆபத்து வருமுன் நாமே மேடேற்றிக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

கார் ஏன் இவ்வளவு சீக்கிரம் தோற்கிறது? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும். சிறிய கார் ஒன்றின் எடை ஏறக்குறைய 900 கிலோ. நீளம் 3.8 மீட்டர், அகலம் 1.7 மீட்டர் என்றால் அதன் தரைப்பரப்பு 6.5 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் பரப்பை 14 செ.மீ. உயரத்துக்கு நீர் தாங்கினாலே காரின் மொத்த எடையும் நீரின் தோளில் ஏறிவிடும். தரைக்கும் காரின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி 17 செ.மீ. என்று சேர்த்துக்கொண்டால் ஓரடிதான் வருகிறது. கதவிடுக்கு வழியே நீர் உள்ளே புகப் புகக் கார் மறுபடி தரை தட்டும் என்பது உண்மை. ஆனால் ஓடுகிற நீருக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. பெரிய டயர் போட்ட எஸ்யூவி இன்னும் ஓரடி தாக்குப்பிடிக்கும், அவ்வளவே.

நம் ஊர் வெள்ளங்களில் ஆளை வெளியே கொண்டுவந்த வண்டிகள் வேறு. ஒன்று வயலிலிருந்து வந்த டிராக்டர், மற்றொன்று கடலிலிருந்து வந்த பைபர் படகு. இரண்டுமே இந்த வேலைக்கென்று செய்யப்பட்டவை அல்ல. எது எங்கே உதவும், எது எங்கே கைவிடும் என்று அருகருகே வைத்துப் பார்ப்பது அடுத்த ஐப்பசிக்குப் பயன்படும்.

வயலிலிருந்து வந்தது

2022 செப்டம்பர் முதல் வாரம். பெங்களூரின் வெளிவட்டச் சாலையும் ஏமலூரும் சர்ஜாபூர் சாலையும் நீரில் கிடந்தன. கோடிகள் விலையுள்ள கார்கள் கேட்டுக்குள்ளேயே மூழ்கின. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, மடிக்கணினிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மென்பொருள் ஊழியர்கள் டிராக்டர் டிரெய்லரில் நின்றபடி அலுவலகம் போனார்கள். ஒரு பெரிய நிறுவனத்தின் தலைவர் தன் குடும்பத்தையும் நாயையும் டிராக்டரில்தான் வெளியேற்றினார்.

டிராக்டரின் பலம் அதன் உடலமைப்பிலேயே இருக்கிறது. இரண்டு டன் எடை இருந்தும், காரைப் போல மூடிய பெட்டி இல்லை. எலும்புக்கூடு போன்ற அந்த வண்டிக்குள் நீர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். தூக்கி மிதக்கவிட அதற்குப் பிடி கிடைப்பதில்லை. பின்சக்கரம் நாலடிக்கு மேல் உயரம். சேற்று உழவுக்காக அந்த டயரில் பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்பி வைக்கும் வழக்கம் உண்டு. அப்படி நிரப்பிய டயர் மிதக்க முயலாது, தரையை அழுத்திப் பிடிக்கும். காற்றை உள்ளிழுக்கும் வாயும் புகையை விடும் சைலன்சரும் பானெட்டுக்கு மேலே நிற்கின்றன. காரில் புகைக்குழாய் பின்னால் தாழக் கிடக்கும்; காற்று வழியும் முன்விளக்கை ஒட்டித்தான் இருக்கும். எஞ்சினுக்குள் ஒரு மிடறு தண்ணீர் போனாலே கனெக்டிங் ராடு வளைந்துவிடும் என்பதால் இந்த உயர வித்தியாசம் பெரிய விஷயம்.

எல்லை இல்லாமல் இல்லை. நீர் இடுப்பைத் தாண்டினால் ரேடியேட்டர் விசிறி அதை வாரி எஞ்சின் மேலேயே அடிக்கும். ஆழ நீரில் ஓடிய வண்டியின் கியர் ஆயில் மறுநாள் பால்போல் வெளுத்திருந்தால், உள்ளே தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாத தரை. கலங்கிய நீருக்கடியில் சாலை எங்கே முடிகிறது, வாய்க்கால் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் டிரெய்லர் சாயும். சாதாரண நாளில் டிரெய்லரில் ஆள் ஏற்றக் கூடாது என்று சட்டம் சொல்வதும் அது கவிழக்கூடிய வண்டி என்பதால்தான். தரைப்பாலத்தின் மேல் நீர் பாய்கிறதென்றால் டிராக்டர் இக்கரையிலேயே நிற்க வேண்டும். நீரின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நாலு மடங்காகும். அதற்கு முன்னால் இரண்டு டன் ஒன்றுமில்லை.

கடலிலிருந்து வந்தது

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பார்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் முதல் பாதி அப்படியே நடந்தது. கொல்லத்திலிருந்தும் திருவனந்தபுரத்துக் கடற்கரைகளிலிருந்தும் படகுகள் லாரியில் ஏறி, இரவோடிரவாகச் செங்கன்னூருக்கும் பத்தனம்திட்டைக்கும் போயின. அரசுக் கணக்கின்படி 669 படகுகள், ஏறக்குறைய 4,500 மீனவர்கள். அவர்கள் மீட்டவர்கள் 65,000 பேருக்கு மேல். படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாக அரசு அறிவித்தது. அதற்கு முன்பே, 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 29,000 கன அடி திறக்கப்பட்டு அடையாறு பொங்கியபோது, சென்னைக் குப்பங்களின் மீனவர்களும் படகோடு ஊருக்குள் வந்தார்கள்.

டிராக்டர் நிற்கும் இடத்தில் படகு தொடங்குகிறது. ஆழம் அதற்குப் பகையல்ல. முதல் மாடி பால்கனியை ஒட்டி நின்று, கிரில் கம்பியில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைத் தாண்டி வருகிற ஆளை அப்படியே வாங்கிக்கொள்ளும். மீட்புப் படையினரின் ரப்பர் படகு இலேசானது, தூக்கிச் செல்ல எளிது. ஆனால் முள்வேலியும் கேட்டின் ஈட்டிமுனையும் அதைக் கிழித்துவிடும். பைபர் உடம்பு அந்த உரசலைத் தாங்கும். நம் கரையில் பைபர் படகுகளில் பொருத்தும் நீள்தண்டு டீசல் எஞ்சினுக்கு இன்னொரு வசதியும் உண்டு: எதிரே சுவர் தட்டும்போலிருந்தால் தண்டை அப்படியே நீருக்கு மேலே தூக்கிவிடலாம்.

ஆனால் கடலில் காம்பவுண்ட் சுவர் கிடையாது. நீவாடு (கடல் நீரோட்டம்) பார்க்கத் தெரிந்த மீனவருக்கும் மூழ்கிய தெரு புதிது. அதனால் உள்ளூர்ப் பையன் ஒருவன் படகின் முன்முனையான அணியத்தில் நிற்க வேண்டும். கையில் கழி, வாயில் ஓயாத குரல்: “அண்ணே, இடது பக்கம் சுவர் வருது… இங்க டிரான்ஸ்ஃபார்மர், ஒதுங்கிப் போங்க… நேரா போனா ரேஷன் கடை.” தொங்கும் கேபிளுக்குத் தலையைக் குனிய வேண்டும். இருபதடித் தெருவில் முப்பதடிப் படகைத் திருப்ப முடியாது. நாலு பேர் கயிறு பிடித்துப் பின்னோக்கி இழுக்க வேண்டும். எஞ்சினின் புரொப்பல்லர் சுவரில் பட்டு முறிந்தால் பிறகு துடுப்புதான்.

ஏறுவதும் எளிதல்ல. மலப்புறத்து வேங்கரையில் பெண்கள் படகில் ஏற முடியாமல் தவித்தபோது, மீனவர் ஒருவர் தண்ணீரில் மண்டியிட்டுத் தன் முதுகையே படியாகக் கொடுத்தார். அவரது அன்பை நாடே கொண்டாடியது. கூடவே அந்தக் காட்சி ஒரு குறையையும் காட்டியது: ஒரு சின்ன ஏணியோ முக்காலியோ இல்லாமல் மீட்புப் படகு புறப்படக் கூடாது.

அருகருகே

இரண்டையும் அளக்க மீட்டர் கோல் தேவையில்லை, உடம்பே போதும். நீர் கணுக்காலிலிருந்து இடுப்புவரை, அடியில் உறுதியான சாலை, பெரிய இழுப்பில்லை என்றால் டிராக்டர். முதியவரை நாற்காலியோடு தூக்கி டிரெய்லரில் வைத்துவிடலாம், ஒரே நடையில் பதினைந்து பேரைக் கொண்டுபோகலாம். இடுப்புக்கு மேலே போனால் படகு. ஆள் ஏறிய படகுக்கு முழங்காலுக்குக் குறையாத நீர் வேண்டும். அதற்குக் கீழே அது தரை தட்டி, மீட்க வந்தவர்களே இறங்கித் தள்ள வேண்டியிருக்கும்.

கிடைப்பதில் டிராக்டர் முந்துகிறது. கிராமத்தில் தெருவுக்கு ஒன்று நிற்கிறது. ஓட்டுபவருக்கு அந்தச் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் தெரியும், தொட்டியில் ஐம்பது லிட்டருக்குக் குறையாமல் டீசல் பிடிக்கும். படகுக்கு லாரி வேண்டும், அதை இறக்கப் பத்துப் பேர் வேண்டும், லாரி வரச் சாலை இருக்க வேண்டும். நீரோட்டத்தில் படகு முந்துகிறது. இழுக்கிற நீரில் படகைக் குறுக்கே நிறுத்தாமல் கொண்டுபோகத் தெரிந்த கை மீனவருடையது.

இரண்டும் தோற்கும் இடமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரைமீறியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. தண்டவாளத்தின் அடி மண்ணை நீர் அரித்துக்கொண்டு போயிருந்தது. ஹெலிகாப்டரிலிருந்து உணவுப் பொட்டலம் போட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் எந்த வண்டியும் புறப்படாமல், மேடான இடத்தில் காத்திருப்பதே பாதுகாப்பு.

கேரளத்தில் மீட்பு வேகமாக நடந்ததற்குப் படகு மட்டும் காரணமல்ல. நீர் முடிகிற இடம்வரை படகு கொண்டுவந்த ஆட்களை, அங்கே காத்திருந்த டிப்பர் லாரிகள் முகாமுக்கு ஏற்றிப் போயின. படகும் சக்கரமும் கைமாற்றிக்கொண்ட அந்த நீர்க்கரைதான் மீட்பின் உண்மையான மையம். நம் திட்டங்களில் முதலில் குறிக்க வேண்டிய இடமும் அதுதான்: எந்தத் தெருமுனையில் படகு நிற்கும், எந்த மேட்டில் டிராக்டர் காத்திருக்கும்?

என் தீர்ப்பு இது. சாலை காய்ந்திருக்கும்போதே கிளம்புகிறவருக்குக் கார், பஸ், ஆட்டோ எதுவும் போதும். பன்னிரண்டு மணி நேரம் முன்னால் புறப்பட்ட மாருதி, பன்னிரண்டு மணி நேரம் தாமதித்த எந்த வண்டியையும்விட உயர்ந்தது. தாமதித்தவருக்கு இடுப்புவரை டிராக்டர், அதற்கு மேல் படகு. இரண்டையும் நாம் வாங்கப்போவதில்லை, ஆனால் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். ஐப்பசி பிறக்குமுன் உங்கள் தெருவின் தாழ்ந்த இடத்திலுள்ள மின்கம்பத்தில் முழங்கால், இடுப்பு உயரங்களுக்குப் பெயின்டில் கோடு போடுங்கள். பக்கத்து ஊரில் டிராக்டர் வைத்திருப்பவரின் எண்ணையும், அருகிலுள்ள மீனவர் குப்பத்தில் ஒருவரின் எண்ணையும் வாங்கி, மாநிலக் கட்டுப்பாட்டறையின் 1070, மாவட்டத்தின் 1077 ஆகியவற்றோடு சேர்த்துக் காகிதத்தில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். வெள்ள நாளில் கைபேசிக்குச் சார்ஜ் இருக்காது.