பெயர்ப்பலகையில் இடம்பெறாத பெயர்: பினோதினி தாசியும் ஸ்டார் நாடக அரங்கும்

1883ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள், கல்கத்தாவின் பீடன் தெருவில் ஸ்டார் தியேட்டர் என்னும் புதிய நாடக அரங்கு 'தட்ச யக்ஞம்' நாடகத்துடன் திறக்கப்பட்டது. நாடகத்தை எழுதிய கிரீஷ் சந்திர கோஷ் தட்சனாகவும், ஏறத்தாழ இருபது வயதினரான பினோதினி தாசி தாட்சாயணியாகவும் நடித்தனர். தந்தை செய்த வேள்விக்கு அழைக்கப்படாத மகளின் கதை அது. அவ்வரங்கு எழுவதற்கான பொருள் பினோதினியை முன்னிட்டே வந்தது. கட்டடம் எழுந்துகொண்டிருந்த மாதங்களில், அதற்குத் தம் பெயரே சூட்டப்படும் என்று அவர் நம்பியிருந்தார். திறப்புவிழா நாளில் பெயர்ப்பலகையில் அப்பெயர் இல்லை.

வங்க நாடக வரலாற்றில் இந்நிகழ்ச்சி பலராலும் எடுத்துரைக்கப்பட்டதே. எனினும் அது பெரும்பாலும் ஒரு நடிகையின் மனவருத்தமாகவே எடுத்துரைக்கப்பட்டுள்ளது. தமிழ் வாசகர்க்கோ பினோதினி, ராமகிருஷ்ண பரமஹம்சரின் வரலாற்றின் வழியாக, சைதன்யராக நடித்து அவரது அருளைப் பெற்றவராகவே அறிமுகமானவர். பினோதினியின் தன்வரலாறான 'அமார் கதா' இவ்விரு சட்டகங்களுக்குள்ளும் முழுமையாக அடங்குவதில்லை. அந்நூலைக் கொடுக்கல் வாங்கலைப் பதிவு செய்யும் கணக்கேடாகவும் படிக்க இடமுண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பெண்கள் மேடையேறிய சூழல்

வங்கத்தில் பெண்கள் நடித்த நாடகங்கள் 1795இல் கெராசிம் லெபதேவ் என்னும் ரஷ்யர் கல்கத்தாவில் நிகழ்த்திய நாடகத்திலும், 1835இல் நவீன் சந்திர பாசுவின் இல்லத்தில் நடந்த 'வித்யாசுந்தர்' நாடகத்திலும் காணப்படுகின்றன. எனினும் அவை தொடர் மரபாக வளரவில்லை. கட்டணம் செலுத்தி எவரும் காணத்தக்க பொது நாடக அரங்கு 1872 டிசம்பர் 7ஆம் நாள் நேஷனல் தியேட்டரின் 'நீல தர்ப்பணம்' நாடகத்துடன் தொடங்கியபோது பெண் பாத்திரங்களை ஆடவரே ஏற்றனர். தமிழ் நாடக வழக்கில் சொல்வதானால் அவர்கள் ஸ்திரீபார்ட் நடிகர்கள்.

அடுத்த ஆண்டிலேயே இந்நிலை மாறியது. கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தரின் அறிவுரைப்படி பெங்கால் தியேட்டர் பெண்களை நடிக்க வைக்க முடிவு செய்தது. 1873 ஆகஸ்டில் அவருடைய 'சர்மிஷ்டா' நாடகத்தில் கோலாப்சுந்தரி உள்ளிட்ட நான்கு பெண்கள் மேடையேறினர். அதனைக் காண மதுசூதனர் உயிருடன் இல்லை. அவ்வாண்டு ஜூன் மாதமே மறைந்துவிட்டார். கைம்பெண் மறுமணத்திற்காகப் போராடிய ஈசுவர சந்திர வித்யாசாகர் இம்முடிவை ஏற்காது அரங்கின் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார். மேடைக்கு வந்த பெண்கள் கணிகையர் குடியினர் என்பதே எதிர்ப்பின் காரணம். குடும்பப் பெண்கள் மேடையேற முன்வராத சூழலில், வேறு பெண்களும் கிடைத்திருக்கமாட்டார்கள். பெண்ணின் துயர் களைய முனைந்த சீர்திருத்தத்தின் எல்லை எங்கே முடிந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

பத்து ரூபாய் ஊதியம்

பினோதினி 1863ஆம் ஆண்டளவில் கல்கத்தாவின் கார்ன்வாலிஸ் தெருவில், பாட்டியும் தாயும் தலைமை தாங்கிய வறிய வீட்டில் பிறந்தார். சிறுமியாயிருந்தபோதே அவருக்கும் ஒரு திருமணம் நடந்தது. கணவனான சிறுவனை அவனுடைய உறவினர் அழைத்துச் சென்றுவிட்டனர். அவர்கள் வீட்டில் குடியிருந்த கங்காபாய் என்னும் பாடகியிடம் பினோதினி இசை பயின்றார். நாடகத்திற்கு அவரை அழைத்துவந்த பழக்கமும் அவ்வீட்டின் வழியே கிடைத்ததே. 1874 இறுதியில், ஏறத்தாழ பதினோரு வயதில், கிரேட் நேஷனல் தியேட்டரில் மாதம் 10 ரூபாய் ஊதியத்திற்குச் சேர்ந்தார். திரௌபதியின் தோழியாக ஒரு சிறு பாத்திரமே முதல் வேடம்.

அடுத்த ஆண்டு அக்குழு வட இந்திய நகரங்களுக்குப் பயணம் சென்றது. இலக்னோவில் 'நீல தர்ப்பணம்' நடந்தபோது, அவுரித் தோட்ட வெள்ளையனைக் குடியானவன் தாக்கும் காட்சியில் பார்வையாளராக இருந்த ஆங்கிலேயர் சினந்து மேடையை நோக்கி எழுந்தனர். நாடகம் நிறுத்தப்பட்டது, குழுவினர் அஞ்சி அவ்வூரை விட்டு அகன்றனர். இந்நிகழ்ச்சியைப் பின்னாளில் பினோதினி விரிவாக எழுதினார். 1876இல் அரசு கொண்டுவந்த நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் முன்சூழலை ஒரு சிறுமி நடிகையின் கண்வழிக் காட்டும் அரிய பதிவு இது.

பின்னர் பெங்கால் தியேட்டரிலும், அதன்பின் கிரீஷ் சந்திர கோஷின் வழிகாட்டலில் நேஷனல் தியேட்டரிலும் அவர் நடித்தார். 'மேகநாத வதம்' நாடகத்தில் மட்டும் ஏழு பாத்திரங்களை ஏற்றார். கிரீஷ் அவருக்குப் பாத்திரத்தின் உள்ளியல்பைக் கற்பித்தார். சாரா சிடன்ஸ், எலன் டெர்ரி போன்ற ஆங்கில நடிகையரின் நடிப்பு முறையை விளக்கினார். ஒப்பனையிலும் உடையிலும் பினோதினி தாமே புதுமைகள் செய்தார். பன்னிரண்டாண்டுக் கால மேடை வாழ்வில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களில் அவர் நடித்தார் என்பர். இவ்வுழைப்பின் அளவைக் கருத்திற்கொண்டே அடுத்து நிகழ்ந்ததை மதிப்பிடுதல் வேண்டும்.

பீடன் தெருவில் எழுந்த அரங்கு

நேஷனல் தியேட்டரின் புதிய உரிமையாளரான பிரதாப்சந்த் ஜகுரி நாடகத்தை வணிகமாக நடத்தியவர். விடுப்பில் சென்று திரும்பிய பினோதினிக்கு அக்காலத்திற்கான ஊதியத்தைத் தர அவர் மறுத்தார். பிற நடிகர்களுக்கும் மனக்குறை இருந்தமையால் தனி அரங்கு அமைக்கும் எண்ணம் உருவாயிற்று. அதற்குப் பொருள் தர முன்வந்தவர் குர்முக் ராய் என்னும் இளம் மார்வாரி வணிகர். அவர் வைத்த நிபந்தனை ஒன்றே: பினோதினி அவருடைய ஆதரவுக்கு வர வேண்டும்.

பினோதினிக்கு ஏற்கெனவே செல்வந்தர் ஒருவரின் ஆதரவு இருந்தது. அவரை விட்டு விலகுதல் நன்றிகொன்ற செயலாகும் என்று அவர் தயங்கினார். குருவாகிய கிரீஷும் உடன் நடித்தோரும் நாடகத்தின் பொருட்டு என வற்புறுத்தவே இசைந்தார். பழைய ஆதரவாளர் வாளுடன் வந்து தாக்க முயன்றதையும், தாம் உயிர் தப்பியதையும் தன்வரலாற்றில் விவரிக்கிறார். குர்முக் ராய் ஒரு கட்டத்தில் நாடகத்தை விட்டுவிடுமாறும், அதற்கு ஈடாக 50,000 ரூபாய் தருவதாகவும் கூறினார். பினோதினி மறுத்தார், அரங்கு கட்டித்தருமாறு கேட்டார். பத்து ரூபாய் ஊதியத்தில் வாழ்வைத் தொடங்கிய பெண் மறுத்த தொகை இது.

பீடன் தெருவில் நிலம் குத்தகைக்குப் பெறப்பட்டுக் கட்டட வேலை தொடங்கியது. பகலில் ஒத்திகை முடிந்த பின்னர், வேலை விரைந்து முடிய வேண்டுமென்று பினோதினி தாமே கூடையில் மண் சுமந்தார். அரங்கு அவர் பெயரால், அதாவது பெயரின் முதலெழுத்தைக் கொண்டு 'பி தியேட்டர்' என்று வழங்கும் என உடனிருந்தோர் கூறிவந்தனர். பதிவு செய்யச் சென்றவர்கள் திரும்பியபோது அதன் பெயர் ஸ்டார் என்றாகியிருந்தது. கணிகை ஒருத்தியின் பெயரைத் தாங்கிய அரங்கிற்கு மதிப்புடையோர் வாரார் என்னும் அச்சமே காரணம் எனப் பொதுவாகச் சொல்லப்படும். அவ்வாறாயின், அவள் மேடையில் நிற்பதைக் காண அதே மதிப்புடையோர் கட்டணம் செலுத்தி வந்தது எங்ஙனம் என்னும் வினா எழாமற்போகாது.

பெயரைக் காட்டிலும் அடுத்த நிகழ்ச்சி கருதத்தக்கது. குடும்பத்தாரின் நெருக்கடியாலும் உடல்நலக் குறைவாலும் குர்முக் ராய் விரைவிலேயே அரங்கைக் கைவிட நேர்ந்தது. பினோதினிக்கு அதில் ஒரு பங்கு உரிமையாதல் வேண்டும் என அவர் விரும்பினார். கிரீஷ், பினோதினியின் தாயாரிடம் பேசி, உரிமையாளர் பொறுப்பு அவர்களுக்குத் தேவையற்ற சுமை என இணங்கவைத்தார். அரங்கு 11,000 ரூபாய்க்கு அமிர்தலால் மித்ரா, அமிர்தலால் பாசு, தாசுசரண் நியோகி, ஹரிபிரசாத் பாசு ஆகிய நால்வருக்குக் கைமாறியது. உடைமை பதிவேட்டில் ஏறவேண்டிய நேரத்தில் பினோதினியின் பெயர் இரண்டாம் முறையாக விடுபட்டது. பெயர் மறுப்பைப் பேசுவோர் பலர் இப்பங்கு மறுப்பைப் பேசுவதில்லை. மரியாதைக் குறைவாக மட்டும் அதனைச் சுருக்கிவிடுதல் எளிது. பினோதினியோ தம் நூலில் தொகைகளையும் வாக்குறுதிகளையும் அவற்றைச் சொன்னவர்களையும் ஒவ்வொன்றாகக் குறிக்கிறார்.

சைதன்ய லீலை

1884 ஆகஸ்டில் அரங்கேறிய 'சைதன்ய லீலை' நாடகத்தில் பினோதினி சைதன்யராக, ஆண் பாத்திரத்தில் நடித்தார். நடிக்குமுன் கங்கையில் நீராடித் துர்க்கையின் திருப்பெயரை 108 முறை எழுதியதாகக் கூறுகிறார். அவ்வாண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ராமகிருஷ்ணர் இந்நாடகத்தைக் கண்டார். முடிவில் பினோதினியை வாழ்த்தினார். அதன்பின் நாடக மேடையைப் பழித்தவர்களும் பக்தியுடன் அரங்கிற்கு வரலாயினர்.

இதனோடு சேர்த்து நோக்க வேண்டிய மற்றொரு காட்சியும் உண்டு. 1885இல் ராமகிருஷ்ணர் நோயுற்றுச் சியாம்புகூரில் தங்கியிருந்தபோது, பினோதினி அவரைக் காண விரும்பினார். உடனிருந்த அன்பர்கள் அவரை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், ஐரோப்பிய ஆடவர் போலத் தொப்பியும் கோட்டும் அணிந்து சென்றார். நோயாளி அவ்வேடத்தைக் கண்டு சிரித்து மகிழ்ந்ததாகப் பதிவு உள்ளது. மேடையில் ஆண் வேடம் புனைந்து அருள் பெற்றவர், மேடைக்கு வெளியே அருளாளரை அணுகவும் ஆண் வேடமே புனைய வேண்டியிருந்தது. சமயம் அரங்கிற்கு மதிப்பு அளித்தது. நடிகைக்கு அளித்தது எவ்வளவு என்பதை இக்காட்சி காட்டுகிறது.

1887ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இருபத்து மூன்று அல்லது இருபத்து நான்கு வயதில், அவர் மேடையை விட்டு விலகினார். உடன் பணியாற்றியோரின் வஞ்சனை காரணம் என்பதற்கு மேல் விரித்துரைக்கவில்லை.

எழுத்தும் முன்னுரையும்

அதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் ஒரு செல்வந்தரின் ஆதரவில் இல்வாழ்க்கை போன்ற வாழ்க்கை அவருக்கு அமைந்தது. சகுந்தலா என்னும் மகள் பிறந்தாள். அவளைப் பள்ளியில் சேர்க்க அவர் முயன்றபோது எதிர்ப்பு எழுந்தது, முயற்சி நிறைவேறவில்லை. அம்மகள் பதின்மூன்று வயதளவில் இறந்தாள். 1912இல் ஆதரவாளரும் மறைந்தார். இடையே 'பாசனா' (1896), 'கனகமும் நளினியும்' (1905) ஆகிய கவிதை நூல்களை அவர் வெளியிட்டிருந்தார்.

'அமார் கதா' 1912–13இல் வெளிவந்தது. அதற்குக் கிரீஷ் ஒரு முன்னுரை எழுதித் தந்தார். பினோதினிக்கு அது நிறைவளிக்கவில்லை. நடந்த உண்மைகள் பல அதில் இல்லை என்றார். திருத்தி எழுதுவதாகக் கூறிய கிரீஷ் 1912 பிப்ரவரியில் மறைந்தார். பழைய முன்னுரையே பின்னர் நூலில் இடம்பெற்றது. அதனை ஏன் முதலில் ஏற்கவில்லை என்பதையும் பினோதினி நூலிலேயே சொல்லிவிட்டார். குருவின் புகழுரையை ஒரு மாணவி போதாது எனத் திருப்பியனுப்பியது அக்காலத்து எழுத்துலகில் எளிய செயலன்று. நூல் முழுவதும் தம்மைப் பாவி என்றும் இழிந்தவள் என்றும் கூறிக்கொள்ளும் அதே கை செய்த செயல் இது. எனவே அத்தாழ்வுமொழியை அப்படியே அவர் உளநிலையாகக் கொள்ளுதல் பொருந்தாது. பக்தி இலக்கியத்தின் தன்னிழிவுரையைப் பயின்ற தமிழ் வாசகர் இந்நுட்பத்தை எளிதில் உணர்வர்.

அவர் பெயரின் பின்னொட்டும் இங்குக் கருதத்தக்கது. 'தாசி' என்பது தமிழ் வழக்கில் தரும் பொருளைத் தருவதன்று. அக்கால வங்கத்தில் பிராமணப் பெண்டிர் 'தேவி' என்றும் ஏனையோர் 'தாசி' என்றும் எழுதுதல் வழக்கமாயிருந்தது. ஒரு தலைமுறைக்குப் பின் திரைப்படத்தில் புகழ்பெற்ற கானன்பாலா 'கானன் தேவி' ஆனார். 1949இல் தொடங்கிய தம் படநிறுவனத்திற்கு 'ஸ்ரீமதி' என்று பெயரிட்டார். மறுக்கப்பட்ட அடைமொழியையே நிறுவனத்தின் பெயராக்கியது தற்செயல் எனத் தோன்றவில்லை.

தமிழகத்தின் நிலை சற்று வேறானது. கும்பகோணம் பாலாமணி அம்மையாரின் பெண்கள் நாடகக் குழு அவர் பெயராலேயே வழங்கியது; அவர் நாடகத்திற்கெனத் தனி ரயில் வண்டிகள் ஓடியதை அவ்வை தி. க. சண்முகம் பதிவு செய்துள்ளார். பாலாமணியின் இறுதிக்காலம் வறுமையில் கழிந்தது என்பதும் அதே வரலாற்றின் பகுதியே. டி. பி. ராஜலட்சுமி 1936இல் 'மிஸ் கமலா' படத்தைத் தாமே இயக்கினார். டி. ஆர். ராஜகுமாரி சென்னைத் தியாகராய நகரில் உடைமையாகக் கொண்ட திரையரங்கு 'ராஜகுமாரி' என்றே பெயர் தாங்கி நின்றது. பினோதினி கேட்டதும் இவ்வளவே.

பீடன் தெரு அரங்கின் மனை 1887இல் கோபாலால் சீல் என்பவர் கைக்குச் சென்றது. குழுவினர் கட்டடத்தை விற்றனர். 'ஸ்டார்' என்னும் பெயரை மட்டும் விற்காது எடுத்துக்கொண்டு ஹாத்திபாகானுக்குச் சென்று 1888 மே மாதம் புதிய அரங்கைத் திறந்தனர். பெயருக்கு விலை உண்டு என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். பழைய கட்டடம் பின்னாளில் சாலை விரிவாக்கத்திற்காக இடிக்கப்பட்டது. ஹாத்திபாகான் அரங்கு 1991இல் தீக்கிரையாகி, மீண்டும் கட்டப்பட்டு 2004இல் திறக்கப்பட்டது. பினோதினி 1941இல் மறைந்து எண்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்தபின், 2024 டிசம்பர் 30ஆம் நாள், அதற்குப் 'பினோதினி தியேட்டர்' எனப் பெயர் மாற்றம் செய்யப்படும் என மேற்கு வங்க முதலமைச்சர் அறிவித்தார். பினோதினி மண் சுமந்த அரங்கு அதுவன்று. அது திறக்கப்படுவதற்கு ஓராண்டுக்கு முன்னரே அவர் மேடையை விட்டு விலகியிருந்தார்.