முகங்காட்டும் தொலைபேசி

1927ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், வாஷிங்டனிலிருந்து பேசிய ஹேர்பேர்ட் ஹூவரின் முகம் அவர்தம் குரலுடன் நியூயோர்க்கில் தோன்றியது. இச்சோதனையை நிகழ்த்திய பெல் நிறுவனத்தார், 1964இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் ‘பிக்சர்போன்’ கருவியை வைத்து, மக்கள் கருத்தை வினவித் திருத்தினர். 1970இல் பிட்ஸ்பேர்க் நகரில் வாடகைக்கு விட்டனர். ஒவ்வொரு திருத்தத்திற்கும் புதுக்கருவி வேண்டியிருந்தமையால் ஆண்டுகள் பல கழிந்தன. மாத வாடகையோ 160 டொலர். முயற்சி நலிந்தது.

கணினி மென்பொருள் வந்தபின் நிலை மாறியது. சிறுபகுதியை அமைத்தல், மக்களிடம் கொடுத்தல், குறையறிதல், திருத்தி மீண்டுங் கொடுத்தல் என்னும் சுற்று, நாட்கணக்கில் நிகழலாயிற்று.

ஆயினும் விரைவு மட்டும் காவலாகாது. ‘சூம்’ செயலியின் கூட்டங்களில் நாளொன்றிற்குப் பங்குபற்றியோர் தொகை, 2019 டிசம்பரில் ஏறத்தாழ 1 கோடி. பெருந்தொற்றுப் பரவிய 2020 மார்ச்சில் அது 20 கோடியைக் கடந்தது. அந்நியர் மாணவர் வகுப்புகளுள் புகுந்து இழிசெயல் புரிந்தனர். ஏப்ரல் 1ஆம் நாள், அந்நிறுவனத் தலைவர் எரிக் யுவான், 90 நாட்களுக்குப் புதிய வசதிகளை நிறுத்திப் பாதுகாப்பையே சீர்செய்வதாக அறிவித்தார். சின்னாட்களுள், வகுப்புகளுக்குக் கடவுச்சொல்லும் காத்திருப்பு அறையும் கேளாமலே அமைக்கப்பட்டன.

குறை கண்டவிடத்து மேற்செல்லாது நின்று திருத்தும் துணிவே இம்முறையின் உயிர்நிலை.