கவிஞராக அறியப்பட்ட கணித மேதை உமர் கய்யாம்

உமர் கய்யாம் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவில் வருபவை ‘ருபாயியாத்’ எனப்படும் நான்கடிப் பாடல்களே. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அவர்களின் மொழிபெயர்ப்பால் தமிழ் மக்களிடமும் அவை பரவின. மதுவையும் வாழ்வின் நிலையாமையையும் பாடிய கவிஞர் என்றே அவர் பேசப்படுகிறார். ஆனால் அவர் காலத்து மக்கள் அவரைக் கணித அறிஞராகவும் வானியல் வல்லுநராகவுமே போற்றினர் என்பது பலருக்கும் வியப்பளிக்கக் கூடிய செய்தியாகும்.

பாரசீகத்தின் நிஷாப்பூர் நகரில் கி.பி. 1048 (ஹிஜ்ரி 439)-இல் பிறந்தவர் கய்யாம். இளமையில் சமர்கந்து சென்ற அவரை, அந்நகரின் காஜி அபூதாஹிர் ஆதரித்தார். அந்த ஆதரவில்தான் அல்ஜிப்ரா பற்றிய தமது புகழ்பெற்ற நூலை அவர் எழுதினார். முப்படிச் சமன்பாடுகளை வகைப்படுத்தி, வட்டம், பரவளையம், அதிபரவளையம் ஆகிய வளைவுகள் ஒன்றையொன்று வெட்டும் புள்ளிகளைக் கொண்டு அவற்றுக்கு விடை காணும் முறையை அதில் விளக்கினார். வரைபடமின்றி எண்களைக் கொண்டே விடை காணும் வழி தமக்குப் புலப்படவில்லை என்றும், பின்வருவோர் அதைக் கண்டறியக் கூடும் என்றும் அடக்கத்துடன் குறிப்பிட்டார். 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கணித அறிஞர்கள் அவ்வழியைக் கண்டனர். 1545-இல் அது நூலாக வெளிவந்தது.

கி.பி. 1074-இல் செல்ஜூக் சுல்தான் மலிக்ஷா, இஸ்ஃபஹானில் வானாய்வுக் கூடம் அமைக்கும் பணிக்குக் கய்யாமை அழைத்தார். நாட்காட்டியைச் சீர்திருத்தும் பொறுப்பும் அவரையும் உடனிருந்த அறிஞர்களையும் சேர்ந்தது.

அதன் தேவை யாது? நம் வணக்கங்களுக்குரிய ஹிஜ்ரி ஆண்டு, பிறையைக் கொண்டு கணக்கிடப்படுவதால் சூரிய ஆண்டை விட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவானது. விளைச்சலின் மீது வரி பெறும் அரசுக்கோ பருவங்களோடு ஒத்துச் செல்லும் நாட்காட்டி வேண்டும். கதிர் முற்றுமுன் வரி கேட்டால் உழவர் எங்கே போவார்? அங்கு வழக்கிலிருந்த பழைய பாரசீக ஆண்டு 365 நாட்களையே கொண்டிருந்தது. ஆண்டுதோறும் விடுபட்ட கால் நாள், 120 ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு மாதமாகிவிடும். இதனால் புத்தாண்டு பருவம் மாறி வந்தது.

இக்குறையை நீக்கி, இரவும் பகலும் சமமாகும் வசந்த கால நாளில் ஆண்டு தொடங்குமாறு ‘ஜலாலி’ நாட்காட்டி வகுக்கப்பட்டது. ஹிஜ்ரி 471 ரமளானில், அதாவது 1079 மார்ச் 15-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பாவில் கிரிகோரியன் சீர்திருத்தம் நிகழ்ந்தது 1582-இல், அதாவது 503 ஆண்டுகளுக்குப் பின்னர் என்பது கருதத்தக்கது. இன்றைய ஈரானின் சூரிய நாட்காட்டியும் ஜலாலி முறையின் வழிவந்ததே.

1092-இல் அமைச்சர் நிஜாமுல் முல்க் கொல்லப்பட்டார். அடுத்த சில வாரங்களில் சுல்தானும் மறைந்தார். வானாய்வுக் கூடத்திற்கான நிதி நின்றது, பணியும் நின்றது. 1131-இல் கய்யாம் நிஷாப்பூரில் காலமானார்.

அவரை நேரில் கண்டு பழகிய நிஜாமி அரூஜி என்பவர் பின்னர் ‘சஹார் மகாலா’ என்னும் நூலை இயற்றினார். எழுத்தர், கவிஞர், வானநூலார், மருத்துவர் என நான்கு பகுதிகள் கொண்ட அந்நூலில், கய்யாம் இடம்பெறுவது கவிஞர் பகுதியில் அன்று, வானநூலார் பகுதியிலேயே! அவர் பெயரால் வழங்கும் பாடல்களுள் எவை உண்மையில் அவருடையவை என்பது இன்றளவும் ஆய்வாளர்களிடையே விவாதத்திற்குரியதாகவே உள்ளது. 1859-இல் எட்வர்டு ஃபிட்ஸ்ஜெரால்டு வெளியிட்ட ஆங்கில மொழியாக்கமே அவரை உலகப் புகழ்பெற்ற கவிஞராக்கியது. அவர் ஐயமின்றி எழுதிய கணித நூலோ அறிஞர் வட்டத்திற்குள்ளேயே நின்றுவிட்டது.

புகழ் ஒரு பக்கமும் உழைப்பு மறுபக்கமும் நிற்பது வரலாற்றில் புதிதன்று. எனினும் அந்த உழைப்பு மலர்ந்ததற்குப் பின்னால், திறமையை அடையாளம் கண்டு ஆதரித்த ஒரு காஜியும் ஓர் அரசும் இருந்ததை நாம் மறந்துவிடலாகாது. ஆதரவு நின்றபோது ஆய்வும் நின்றது. நம் ஜமாஅத்தில் கணக்கில் ஆர்வம் காட்டும் பிள்ளை ஒன்று இருக்குமாயின், அதன் படிப்பு பொருளின்மையால் தடைபடாமல் காப்பது நம் அனைவரின் கடமையாகும்.