மிஞ்சிய இரண்டு சனிக்கிழமைகள்

வூட் கிரீனில் டபிள்யூ-3 பஸ் ஏறினால் அது வளைந்து வளைந்து குன்றேறி அலெக்சாண்ட்ரா பாலஸ் வாசலில் கொண்டுபோய் விடும். அங்கே போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மதிலில் சாய்ந்துகொண்டு லண்டனைப் பார்ப்பார்கள். நான் நகரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டடத்தின் தென்கிழக்கு மூலையைப் பார்ப்பேன். ஒரு இரும்புக் கோபுரம் இன்னும் அங்கே நிற்கிறது. 1936 நவம்பர் 2ஆம் திகதி பிபிசி தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது அதற்குக் கீழே இருந்த ஸ்டூடியோக்களில் இருந்துதான்.

எனக்குத் தொழில் கலியாண வீடுகளில் வீடியோ எடுப்பது. இருபத்தைந்து வருசமாக இதே வட லண்டனில் செய்கிறேன். மூன்று கமரா, ஒரு மிக்ஸர், மண்டபத்தின் பெரிய திரையில் அந்தந்த நேரத்துக்கே படம் ஓட வேண்டும். கெட்டிமேளம் தொடங்கினால் அரை நிமிசம் இருக்காது. மாப்பிள்ளையின் விரல் மூன்றாவது முடிச்சுப் போடும்போது எந்தக் கமராவில் கை தெரிகிறது, எதில் பெண்ணின் முகம் தெரிகிறது என்று பார்த்து மாற்ற வேண்டும். "தம்பி, இன்னொருக்கா கட்டுங்கோ" என்று யாரிடமும் கேட்க முடியாது. நேரடி ஒளிபரப்பு என்றால் என்னவென்று என் உள்ளங்கை வியர்வைக்குத் தெரியும். அதனால்தான் 1953 கோடையில் இந்தக் குன்றின் மேல் நடந்த ஆறு சனிக்கிழமைகள் என்னை விடுவதில்லை.

அந்தக் கோடையில் பிபிசியின் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சிகளில் சில வாரங்கள் வெறுமையாக இருந்தன. அங்கே சம்பளத்துக்கு எழுதிக்கொண்டிருந்த நைஜல் நீல் என்ற முப்பத்தொரு வயது இளைஞரிடம் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஐல் ஒஃப் மான் என்ற சின்னத் தீவில் வளர்ந்தவர் அவர். விண்வெளிக்குப் போய்த் திரும்பும் ராக்கெட் ஒன்றைப் பற்றி எழுதத் தொடங்கினார். கதையின் விஞ்ஞானிக்குப் பெயர் தேடி லண்டன் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி 'குவாட்டர்மாஸ்' என்பதை எடுத்தார். முன்பெயர் பேர்னார்ட், ஜோட்ரல் பாங்க் வானொலித் தொலைநோக்கியோடு சேர்த்து அறியப்பட்ட பேர்னார்ட் லவலின் பெயர். 'தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்' அப்படித்தான் பிறந்தது. ஜூலை 18, இரவு எட்டேகாலுக்கு முதல் அத்தியாயம் போனபோது கடைசி இரண்டு அத்தியாயங்களும் இன்னும் எழுதி முடிந்திருக்கவில்லை.

கதை இதுதான். மூன்று பேரோடு போன ராக்கெட் லண்டனில், விம்பிள்டனில் ஒரு வீட்டின் மேல் வந்து விழுகிறது. கதவைத் திறந்தால் உள்ளே ஒருவன்தான் இருக்கிறான். மற்ற இருவரின் விண்வெளி உடைகள் கிடக்கின்றன. உள்ளே ஆள் இல்லை. பறப்பில் இருக்கும்போது கதவு திறக்கப்படவே இல்லை என்று கருவிகள் சொல்கின்றன. அப்படியென்றால் இரண்டு மனிதர்கள் எங்கே?

இங்கே எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். எக்ஸ் ஃபைல்ஸ் மாதிரித் தொடர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள், மர்மத்தை விசாரிக்கும் கதை என்றால் அது ஒரு எழுத்தாளர் யோசித்துக் கண்டுபிடித்த வடிவம் என்று நினைப்பார்கள். அந்த ஸ்டூடியோவின் நிலைமையை வாசித்தபிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆறு அத்தியாயங்களுக்கும் சேர்த்துச் செலவு 4,000 பவுணுக்குள். கமராக்கள் 1936இல் ஸ்டூடியோ திறந்தபோது பூட்டிய அதே எமிட்ரோன்கள். அவற்றில் எட்டிப்பார்த்தால் படம் தலைகீழாகத் தெரியும். ஒளிபரப்பாகும் படத்தில் ஓரமெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக நிழல் படியும். ஒரு காட்சி முடிந்து நடிகர் அடுத்த அரங்குக்கு ஓடிப்போகும்வரை இடையில் எதையாவது காட்டிச் சமாளிக்க வேண்டும். பயங்கரத்தைக் காட்ட அவர்களிடம் எதுவும் இல்லை. அதனால் பயங்கரத்தைப் பற்றிக் கேட்கும் மனிதர்களைக் காட்டினார்கள். விஞ்ஞானி கேட்கிறார், வைத்தியர் கேட்கிறார், பொலிஸ் கேட்கிறது, பத்திரிகைக்காரன் கேட்கிறான். பதில் சொல்ல வேண்டியவனோ கட்டிலில் கண் திறந்தபடி கிடக்கிறான். மற்ற இருவரின் அறிவும் நினைவும் அவனுக்குள் கலந்து கிடப்பது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. கைவசம் எதுவும் இல்லாமையிலிருந்துதான் இந்த விசாரணைக் கதை தொலைக்காட்சிக்கு வந்தது என்று நான் நம்புகிறேன்.

ஆனால் கடைசி அத்தியாயத்தில் எதையாவது காட்டித்தானே ஆக வேண்டும். உயிர் பிழைத்து வந்தவன் ஒரு கள்ளிச் செடியைத் தொட்டதிலிருந்து செடியும் மனிதனுமாக மாறத் தொடங்கி, கடைசியில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குள் போய்ப் படர்ந்துவிடுகிறான். கதையில் அதை முதலில் காண்பதும், தேவாலயக் கட்டடக்கலை பற்றி நிகழ்ச்சி எடுக்க வந்த தொலைக்காட்சிக் கமராதான்.

அந்த உருவத்தைச் செய்ய ஆளும் இல்லை, காசும் இல்லை. நீல் தானே செய்தார். கூட இருந்து உதவியவர் பின்னாளில் அவர் மணந்த ஜூடித் கெர். தேவாலயத்தின் உட்புறப் புகைப்படம் ஒன்றைப் பெரிதாக்கினார்கள். கவிஞர்களின் சமாதிகள் இருக்கும் மூலை தெரியும் இடத்தில் ஓட்டை போட்டார்கள். ஒரு சோடிக் கையுறையில் காய்ந்த செடி, இலை, தோல் துண்டுகளை ஒட்டினார்கள். ஆகஸ்ட் 22ஆம் திகதி இரவு நீல் அந்தப் படத்துக்குப் பின்னால் நின்று, கையுறைக்குள் கைகளை நுழைத்து ஓட்டை வழியே மெதுவாக விரல்களை அசைத்தார். சுமார் ஐம்பது லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள்.

அந்த விரல்களை நான் மனதுக்குள் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். எழுதியவனே தன் கதையின் பூதமாகி, அட்டைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஒரு விரல் கூடுதலாக அசைந்தால் அது கையுறை என்று தெரிந்துவிடும். ஆறு வாரம் கட்டிய பயம் அதோடு போச்சு.

அந்தப் பயம் பலித்ததற்குக் காரணம் கையுறை மட்டும் இல்லை. அதே வருசம் ஜூன் 2ஆம் திகதி எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழா அதே தேவாலயத்தில் நடந்தது. அதைப் பார்ப்பதற்கென்றே ஆயிரக்கணக்கான வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினார்கள். பெட்டி இல்லாதவர்கள் அயல் வீட்டில் போய் இருந்து பார்த்தார்கள். இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் அன்று அந்தத் தூண்களையும் வளைவுகளையும் கண்டார்கள். பன்னிரண்டு வாரம் கூடப் போகவில்லை, அதே பெட்டியில், அதே வளைவுகளுக்குக் கீழே ஏதோ அசைகிறது. அம்மன் கோயில் கொடியேற்றம் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அதே கோயில் மண்டபத்தை ஆளில்லாத இரவில் காட்டுவது போன்றது அது.

முடிவில் குவாட்டர்மாஸ் துவக்குத் தூக்கவில்லை. அந்த உருவத்துக்கு முன்னால் போய் நின்று, அதற்குள் கரைந்து கிடக்கும் மூன்று மனிதர்களோடு கதைக்கிறார். நீங்கள் இன்னும் மனிதர்கள், இதை எதிர்த்து நில்லுங்கள் என்று மன்றாடுகிறார். அவர்கள் கேட்கிறார்கள். உருவம் சாகிறது.

ஜூடித் கெர் பெர்லினில் பிறந்த யூதப் பெண். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது ஒன்பது வயதில் குடும்பத்தோடு ஊரை விட்டு வந்தவர். தேநீர் குடிக்க வந்த புலியைப் பற்றி 1968இல் அவர் எழுதி வரைந்த புத்தகம் இங்கே குழந்தைகள் உள்ள வீடுகளில் கிடக்கும். நாடகத்தை இயக்கித் தயாரித்த ருடொல்ஃப் கார்டியர் வியன்னாக்காரர். பெர்லினில் சினிமாவில் இருந்து, நாஜிகள் வந்தபின் இங்கிலாந்து சேர்ந்தவர். ஆங்கிலேயரின் புனிதமான தேவாலயத்துக்குள் அந்த நிழலை அனுப்பிய மூவரில் இருவர் அகதிகள். நானும் ஒரு அகதிப் பிள்ளை என்பதால் எனக்கு இது சின்னச் செய்தி இல்லை. பழகிய வீதி ஒரே இரவில் அந்நியமாகலாம் என்பது இவர்கள் நேரே கண்டு வந்த ஒன்று.

1958 டிசம்பர் 22இல் தொடங்கிய மூன்றாவது தொடரான 'குவாட்டர்மாஸ் அண்ட் தி பிட்'டைப் பார்க்கும்போது எனக்கு இது இன்னும் அழுத்தமாகத் தெரியும். லண்டனில் கட்டடம் கட்டக் குழி தோண்டும்போது மண்டையோடுகள் கிடைக்கின்றன. பிறகு ஒரு பெரிய உலோகக் கூடு. ஜேர்மன் வெடிகுண்டு என்று நினைத்துப் படையைக் கூப்பிடுகிறார்கள். அயலில் பாழடைந்த வீட்டுக்குள் போகிற பொலிஸ்காரருக்கு வியர்த்துக் கொட்டுகிறது. சுவர் முழுக்கக் கீறல்கள். ஹொப்ஸ் லேன் என்ற வீதிப் பெயரில் இருக்கும் 'ஹொப்' பிசாசின் பழைய பெயர் என்று தெரியவருகிறது. பழைய பத்திரிகைகள், தேவாலயக் குறிப்புகள் என்று தேடித்தேடிப் போகிறார்கள். மண்ணைக் கிளறிய காலமெல்லாம் அங்கே பேய் நடமாடியிருக்கிறது. பேயைக் கண்ட மனிதர்களை ஒருவர்கூடக் கேலி செய்யாமல், ஒவ்வொருவரின் சாட்சியையும் வரிசையாக எடுத்து வைத்து, அடியில் ஐம்பது லட்சம் வருசத்துக்கு முன் வந்து விழுந்த செவ்வாய்க் கலம் ஒன்றைக் கண்டுபிடிக்கிற அந்த ஒழுங்கு எனக்கு மிகப் பிடிக்கும். பிபிசி அந்த வருசம்தான் தொடங்கிய ரேடியோஃபோனிக் பட்டறையில் அதற்கென்று சத்தங்களை உருவாக்கினார்கள். கடைசி அத்தியாயத்தைப் பார்த்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல்.

அந்தக் கடைசி அத்தியாயத்தில், கூட்டத்தின் இரத்தத்தில் உறங்கிக் கிடந்த பழைய வெறி எழும்பி, தங்களைப் போல் இல்லாதவர்களை மனிதர்கள் தேடித்தேடிக் கொல்கிறார்கள். தொடர் தொடங்குவதற்கு நாலு மாதத்துக்கு முன்தான் லண்டன் நொட்டிங் ஹில்லில் கறுப்பின மக்களை வெள்ளையர் கும்பல்கள் தாக்கியிருந்தன. நீல் அந்தக் காலத்து இனப் பதற்றத்தை மனதில் வைத்தே எழுதினார். 1983 ஜூலையில், கொழும்பில் தமிழர்களைத் தேடித்தேடித் தாக்கியபோது, எனக்கு ஒன்பது வயது. வெள்ளவத்தையில் பக்கத்து வீட்டு மதிலுக்குப் பின்னால் ஒரு இரவு முழுக்க இருந்திருக்கிறேன். அந்த அத்தியாயத்தை இதுவரை ஒரே ஒரு தடவைதான் முழுக்கப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது தொடர் முழுதாக இருக்கிறது. இரண்டாவதும் இருக்கிறது. முதலாவதில் இரண்டே இரண்டு அத்தியாயங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. அந்தக் காலத்தில் நேரடி நாடகத்தைச் சேமிக்க ஒரே வழி, ஒளிபரப்பாகும் திரைக்கு முன்னால் ஒரு பிலிம் கமராவை வைத்து அதைப் படம் பிடிப்பது. முதல் இரண்டு வாரமும் அப்படிப் பிடித்தார்கள். இரண்டாவது வாரப் பதிவில், நடிகர்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே திரையில் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கும் பார்க்கலாம்: முகங்களை விடப் பெரிசாக, கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஊர்ந்து திரிகிறது. பதிவின் தரம் போதாது என்று மிச்ச நாலையும் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். கையுறையின் விரல்கள் ஒரு தடவை அசைந்தன, அவ்வளவுதான்.

அதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறு ஒளிபரப்பு என்றால் மறுபடி நடிப்பது என்றிருந்த காலம் அது. 1954 டிசம்பரில் இதே நீலும் கார்டியரும் ஆர்வெலின் '1984' நாவலை நாடகமாக்கி ஞாயிறு போட்டார்கள். வியாழக்கிழமை அதே நடிகர்கள் வந்து முழு நாடகத்தையும் மறுபடி நடித்தார்கள். அந்த இரண்டாவது தடவைதான் பதிவாகி இன்று இருக்கிறது. கலைந்து போகிற ஒன்றைச் செய்கிறோம் என்று தெரிந்தே செய்தவர்கள் அவர்கள். நானோ தெரியாமல் செய்தேன். தொழில் தொடங்கிய புதிதில், கொப்பி கொடுத்துவிட்டோமே என்று ஒரு கலியாணத்தின் மூலக் கசற்றுகளின் மேல் அடுத்த கலியாணத்தைப் பதிந்தேன். கொடுத்த கொப்பியில் நான் வெட்டிவிட்ட பகுதியில் பெண்ணின் அம்மம்மா மூன்று நிமிசம் பாடியிருக்கிறா. அவ செத்த அன்று அந்தப் பிள்ளை தொலைபேசியில் கேட்டாள். அன்றிலிருந்து ஒரு கசற்றையும் நான் அழித்ததில்லை. கராஜ் முழுக்க அடுக்கி வைத்திருக்கிறேன்.

நீல் 2006இல் இறந்தார். எக்ஸ் ஃபைல்ஸுக்கு எழுத அவரைக் கூப்பிட்டிருந்தார்கள், அவர் மறுத்துவிட்டார். ஏன் என்று எனக்கு விளங்குகிற மாதிரி இருக்கிறது: முடிவே இல்லாமல் விசாரித்துக்கொண்டிருப்பது அவர் வழி இல்லை. ஆறாவது வாரம் போய் அந்த உருவத்துக்கு முன்னால் நின்று கதைத்து முடிப்பதுதான் அவர் வழி.

போன மாசம் மருமகளுக்கு அந்த இரண்டு அத்தியாயங்களையும் போட்டுக் காட்டினேன். பதினாலு வயசு. பூச்சி வந்தபோது, "மாமா, இது கதையில வாறதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். முடிந்ததும் பேரெழுத்துகள் ஓடின. "அடுத்தது போடுங்கோ" என்றாள்.

"மிச்சம் இல்லைப் பிள்ளை."

அவள் நம்பவில்லை. கணினியை வாங்கித் தானே தேடினாள். பிறகு நான் மேல் தட்டில் இருந்து பென்குயின் 1959இல் அச்சிட்ட நாடகப் பிரதியை எடுத்தேன். பக்கங்கள் பழுப்பாகி, முதுகு ஒட்டுவிட்டிருந்தது. மூன்றாவது அத்தியாயத்தைத் திறந்து மேசை விளக்குக்குக் கீழே வைத்தோம். விஞ்ஞானி பகுதியை அவள் எடுத்துக்கொண்டாள். மிச்சப் பேரை எல்லாம் நான் வாசித்தேன்.